மஞ்சள் இருக்கும்போதே

மூலனூர், தாராபுரம் பக்கம் செங்காந்தள் என்று கேட்டால் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் வரும். அங்கே அது கண்வலிக் கிழங்கு. தோட்டத்துப் பேச்சில் இன்னும் சுருங்கி வெறும் 'கெழங்கு'. தமிழ்நாட்டின் மாநில மலர், குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் 99 பூக்களில் முதலில் வருவது என்ற பெருமையெல்லாம் பள்ளிக்கூடத்தோடு சரி. காட்டில் அதைப் பற்றிக் கேட்கிற ஒரே கேள்வி, இந்த வருடம் விதை என்ன விலைக்குப் போகிறது என்பதுதான்.

தாவரவியல் படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த காலத்தில் பெரியப்பா தோட்டத்துக்குப் போனேன். படித்த படிப்புக்கும் இந்தச் செடிக்கும் ஒரு தொடர்பு இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன். பெரியப்பா என்னைக் கணக்கு எழுதச் சொன்னார். எனக்கு வரப்பில் உட்கார்ந்து ஆள் எண்ண மனமில்லை. புரட்டாசியில் பூத் தொட, அதாவது கையால் மகரந்தம் சேர்க்க, வருகிற பெண்களோடு இறங்கிவிட்டேன். அந்த ஆட்களுக்கெல்லாம் மூத்தவர் ஒருவர் இருந்தார். எல்லோருக்கும் அக்கா, எனக்கும் அக்கா. அவருக்கு நான் 'அம்மிணி'.

முதல் பாடம் கையைப் பற்றியது. "அம்மிணி, கைய மூஞ்சிப் பக்கம் கொண்டு போவாத" என்பதைத்தான் அவர் வாயிலிருந்து முதலில் கேட்டேன், அதிகமாகவும் கேட்டேன். தண்ணீர்ப் பாட்டில், தூக்குப்போசி எல்லாம் தோட்டத்துக்கு வெளியே வேப்ப மரத்தடியில். வேலை முடியும் வரை எதையும் வாயில் வைக்கக் கூடாது. வெற்றிலை போடும் பழக்கம் உள்ளவர்களை அக்கா சேர்த்துக்கொள்வதே இல்லை. பழக்கம் கையை வாய்க்கு இழுத்துக்கொண்டு போய்விடும் என்பார். சின்னப் பிள்ளைகளைக் கூட்டி வந்தால் அன்றைக்கு அந்த அம்மாவுக்கு வேலை கிடையாது. பூவைப் பார்த்தாலே கண் வலிக்கும் என்று எங்கள் பக்கம் ஒரு பேச்சு உண்டு. அதைப் பற்றிக் கேட்டேன். "பாத்தா ஒண்ணும் பண்ணாது. தொட்ட கையில கண்ணத் தேச்சாத்தான் தெரியும்" என்றார். சோப்புப் போட்டுக் கை கழுவுவதை நகக்கண் வரை பார்த்துவிட்டுத்தான் சோற்றுப் போசியைத் திறக்க விடுவார்.

செடியில் விஷம் இல்லாத இடம் என்று ஒன்று கிடையாது. கிழங்கு, தண்டு, இலை, பூ, விதை எல்லாவற்றிலும் இருக்கிறது. கூலி வேலைக்கு வரும் ஒருவருக்கு இதற்கு மேல் வேதியியல் தேவையில்லை.

பூ தொடுவதைப் பற்றிச் சொல்வதற்கு முன் கொடியைப் பார்த்துவிடலாம். ஆடி வாக்கில் கிழங்கு ஊன்றுகிறார்கள். ஒவ்வொரு கிழங்கும் இரண்டு கையாகப் பிரிந்து கலப்பை வடிவில் இருக்கும். சித்த மருத்துவத்தில் இதைக் கலப்பைக் கிழங்கு என்பது அதனால்தான். முளை வருவது கையின் நுனியிலிருந்து மட்டும். நுனி முறிந்தால் கிழங்கு எவ்வளவு பெரிதாக இருந்தும் பயனில்லை. கிழங்கு விலையும் லேசுப்பட்டதில்லை, அதனால் ஊன்றுகிற நாளில் பெரியப்பா யாரையும் கூடையைத் தூக்கிப் போட விடமாட்டார். தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். வடிகால் உள்ள செம்மண்தான் இதற்கு வாகு. ஊன்றிய கிழங்கு அந்தப் பருவத்திலேயே வற்றிச் சுருங்கி, அதன் இடத்தில் புதுக் கிழங்கு உருவாகிவிடுகிறது.

தளிர் மேலே வந்ததும் பிடிக்க ஏதாவது வேண்டும். இந்தக் கொடிக்குத் தனியாகப் பற்றுக்கம்பி கிடையாது. இலையின் நுனியே நீண்டு சுருண்டு பக்கத்தில் உள்ளதைப் பிடித்துக்கொள்ளும். முட்கிளுவை, விராலி போன்ற உயிர்ச்செடிகளை நட்டு அவற்றின் மேல் ஏற்றுகிறவர்கள் உண்டு. பெரியப்பா கல்தூண் நட்டுக் கம்பி இழுத்திருந்தார். கம்பியில் ஏறாமல் ஒன்றோடொன்று பின்னிக்கொண்ட கொடிகளைப் பிரித்துவிடுவதும் எங்கள் வேலைதான். நுனி முறியாமல் பிரிக்க வேண்டும்.

இனி பூ. கவிழ்ந்த மொட்டு பச்சையாகத் தொங்கும். விரியும்போது ஆறு இதழ்களும் பின்பக்கமாக மடிந்து மேலே நிமிரும். ஓரமெல்லாம் அலை அலையாக நெளிவு. இதழ்கள் அப்படி மேலே போய்விடுவதால் ஆறு மகரந்தத் தாள்கள் குடைக் கம்பிகளைப் போலச் சுற்றிலும் விரிந்து நிற்கும். சூலகம் நடுவில் கீழே தொங்கும். அதிலிருந்து கிளம்புகிற சூல்தண்டு நேராகப் போகாது. அடியிலேயே கிட்டத்தட்ட செங்கோணமாக மடங்கிப் பூவுக்கு வெளியே ஒரு பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும். அதன் முனை மூன்றாகப் பிளந்திருக்கும், அதுதான் சூல்முடி. மகரந்தம் போய்ச் சேர வேண்டிய இடம் அது. தன் பூவின் தூள் தன் மேல் எளிதில் விழாத அமைப்பு.

காட்டில் பட்டாம்பூச்சியும் தேன்சிட்டும் இந்த வேலையைச் செய்கின்றன. ஏக்கர் கணக்கில் ஒரே நேரத்தில் பூத்து நிற்கும் தோட்டத்தில் அவற்றை நம்பினால் காய் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் பிடிக்கும். அதனால்தான் மனிதக் கை.

காலையில் பனி உலர்ந்த பிறகு தொடங்கி, வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும். எட்டு மணியிலிருந்து பதினொரு மணி வரை என்பது பொதுக் கணக்கு. அக்கா கடிகாரம் பார்த்து நான் பார்த்ததில்லை. முதல் பூவின் தாள் நுனியில் விரலை வைத்துப் பார்ப்பார். மகரந்தப்பை நீளவாக்கில் பிளந்து மஞ்சள் தூள் விரலில் ஒட்டினால் வேலை ஆரம்பம். ஒட்டவில்லை என்றால் எல்லோரும் வரப்பில் உட்கார்ந்துவிடுவோம்.

ஒரு பூவிலிருந்து மகரந்தத் தாளை அதன் காம்போடு கிள்ளி எடுக்க வேண்டும். மகரந்தப்பை காம்பின் நுனியில் நடுவில் மட்டும் ஒட்டிக்கொண்டு ஆடும். அந்த ஆட்டம்தான் புதிதாக வருகிறவர்களைப் படுத்தும். காம்பை நுனிக்கு அருகில் பிடித்தால் ஆட்டம் குறையும். ஆனால் தூள் நம் விரலுக்குப் போய்விடும். தள்ளிப் பிடித்தால் தூள் மிஞ்சும். ஆனால் சூல்முடியில் குறி வைக்க முடியாது. இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது, அதை யாரும் சொல்லித் தர முடியாது. அக்கா என் விரலைப் பிடித்து வைத்துக் காட்டியும் எனக்கு அது வருவதற்கு வெகுநாளானது. இடது கையால் பூவின் காம்பைத் தாங்கிக்கொண்டு, வலது கையில் இருக்கும் தாளால் அடுத்த கொடியின் சூல்முடியில் மூன்று பிளவிலும் படுமாறு ஒரு தடவல். "தொட்டாப் போதும். அழுத்தாத. அது என்ன சந்தனமா, அப்பறதுக்கு?" வேறு கொடியின் தூள் என்றால் காய் நன்றாகப் பிடிக்கும் என்பது அவர் கணக்கு, அதனால் ஒரு வரிசையில் கிள்ளியதைப் பக்கத்து வரிசையில் தொடுவோம். தொட்ட பூவின் ஓர் இதழ் நுனியைக் கிள்ளிவிட்டு நகர்வோம், மறுநாள் வருகிறவருக்கு அடையாளம்.

எந்தப் பூவைத் தொடுவது என்பதில்தான் உண்மையான வித்தை இருக்கிறது. பூ ஒரே நிறத்தில் இருப்பதில்லை. விரியும்போது பச்சையும் மஞ்சளும். பிறகு நுனியிலிருந்து சிவப்பு இறங்கும், அடிப்பகுதி மட்டும் மஞ்சளாக நிற்கும். கடைசியில் முழுவதும் சிவந்துவிடும். கேமராவோடு வருகிறவர்கள் தேடிப் போவது அந்த முழுச் சிவப்பை. எங்களுக்கு அது முடிந்துபோன பூ. "மஞ்ச இருக்கறப்பவே தொட்டுப்போடணும்" என்பார் அக்கா. நான் இரண்டு நாள் காய்ச்சலில் வராமல் இருந்து, என் வரிசையை வேறு யாரும் எடுத்துக்கொள்ளவில்லை என்றால், திரும்பி வரும்போது அது அழகாகச் சிவந்திருக்கும். அந்த அழகுக்கு விதை கிடையாது.

தொட்ட பூவில் சேர்க்கை நடந்திருந்தால் சில நாளில் இதழ் வாடும், நடுவில் பச்சைக் காய் தடிக்கத் தொடங்கும். நடக்காத பூ காம்போடு காய்ந்துவிடும். தன் வேலையின் தரம் ஒரு வாரத்துக்குள் கம்பியில் தொங்கும், எல்லோரும் பார்க்கலாம். அக்காவின் வரிசைக்கும் என்னுடையதற்கும் வித்தியாசம் காட்ட யாரும் விரல் நீட்ட வேண்டியிருக்கவில்லை.

ஐப்பசி அடைமழை வந்தால் இதெல்லாம் பேச்சு. மழை தூளைக் கழுவிவிடும், ஈரம் நின்றால் இலைக் கருகல் வரும். நாள் கணக்காகச் சும்மா உட்கார்ந்திருப்போம், பூ பாட்டுக்குச் சிவந்துகொண்டிருக்கும். இன்னொரு தொல்லை காந்தள் புழு. கருப்பு உடம்பில் வெள்ளையும் சிவப்புமாகப் புள்ளி. ஆடு மாடு தின்றால் உயிருக்கு ஆபத்தான இலையை இது மொட்டையடித்துவிட்டுப் போகும். தொடவே அருவருப்பாக இருந்தாலும் எனக்கு இதன் மேல் ஒரு மரியாதை.

இப்போது கல்லூரிக் கதை. ஆய்வகத்தில் வெங்காய வேர் நுனியை எடுத்து, ஒரு பழுப்பு நிறப் புட்டியிலிருந்து கரைசல் ஊற்றி ஊறவைத்து, நசுக்கி, நுண்ணோக்கியில் பார்ப்போம். கரைசலில் ஊறாத வேரில் செல்கள் ஒழுங்காகப் பிரிந்துகொண்டிருக்கும். குரோமோசோம்கள் இரண்டு பக்கமும் இழுக்கப்பட்டு ஒதுங்கியிருக்கும். ஊறிய வேரில் அவை நடுவழியில் சிதறி நிற்கும். அவற்றை இழுக்கும் நுண்குழல் இழைகளைக் கட்டவே விடாமல், அந்த இழைக்கு மூலப்பொருளான புரதத்தோடு போய் ஒட்டிக்கொள்வதுதான் புட்டிக்குள் இருந்த கோல்ச்சிசினின் வேலை. அது எங்கிருந்து வருகிறது என்று நாங்கள் கேட்டதில்லை. புத்தகத்தில் ஐரோப்பியச் செடி ஒன்றின் பெயர் இருந்தது. இலையுதிர் காலத்தில் பூக்கும் அந்தச் செடியிலிருந்துதான் பெல்லட்டியேர், கவென்டூ என்ற இரண்டு வேதியியலாளர்கள் 1820இல் பிரான்சில் இதைப் பிரித்தெடுத்தார்கள். நம்மூர்க் கண்வலிக் கிழங்கும் அதே குடும்பம். விதையில் கிழங்கைவிட இந்தச் சரக்கு அதிகம், அதனால்தான் வியாபாரம் விதையில் நடக்கிறது.

இழை கட்ட விடாமல் செய்வது என்ற அந்த ஒரே காரியத்தை மனதில் வைத்துக்கொண்டால் இந்தச் செடியின் நல்லதும் கெட்டதும் ஒன்றாக விளங்கிவிடுகிறது. தெரியாமல் கிழங்கைத் தின்றுவிட்டவர்களுக்கு என்ன ஆகிறது? இலங்கையில் வள்ளிக்கிழங்கு என்று நினைத்துச் சமைத்துச் சாப்பிட்டு இறந்தவர்கள் உண்டு. சாப்பிட்டவுடன் ஒன்றும் தெரியாது, சில மணி நேரம் கழித்துத்தான் வாந்தியும் கடும் வயிற்றுப்போக்கும் வரும். உடம்பில் வேகமாகப் பிரிகிற செல்களைத்தான் அது முதலில் பிடிக்கிறது. குடலின் உள்பூச்சு அப்படிப்பட்டது. அடுத்த சில நாளில் எலும்பு மஜ்ஜை ரத்த அணுக்களை உருவாக்குவது நின்றுபோகும். பிழைத்துக்கொண்டவர்களுக்கு ஓரிரு வாரத்தில் தலைமுடி கொட்டும். மயிர்க்கால்களும் வேகமாகப் பிரிகிறவைதான். மாற்று மருந்து என்று கையில் எடுத்துக் கொடுக்க ஒன்றும் இல்லை. வயிறு சரியாகிவிட்டது என்று வீட்டுக்குக் கூட்டிப்போவதுதான் ஆபத்து. சாப்பிட்டது தெரிந்த நிமிடமே, அறிகுறி எதுவும் வராவிட்டாலும், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

இனி நல்லது. கீல்வாதத்தில் கால் பெருவிரல் மூட்டு வீங்கிச் சிவந்து, மேலே துண்டு பட்டாலே உயிர் போகிற வலி வரும். அதில் யூரிக் அமிலப் படிகங்கள் மூட்டுக்குள் தங்க, வெள்ளை அணுக்கள் அங்கே படையெடுத்துப் போய்த் தீ மூட்டுகின்றன. அவை நகர்வதற்கும் அதே இழைகள் வேண்டும். மிகச் சிறிய அளவில் கோல்ச்சிசின் கொடுத்தால் படை தளர்கிறது, வீக்கம் அடங்குகிறது. இந்தியாவில் மருந்துக்கடையில் கிடைக்கும் மாத்திரை அரை மில்லிகிராம். 2023இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை மாரடைப்பு ஆபத்தைக் குறைக்கவும் இதே அளவு மாத்திரைக்கு அனுமதி கொடுத்திருக்கிறது. ரத்தக் குழாயில் நடப்பதும் ஒருவகை அழற்சிதான் என்பது அதன் அடிப்படை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், சில ஆன்டிபயாடிக் மருந்துகளோடு சேர்த்து எடுப்பவர்களுக்கும் அந்த அரை மில்லிகிராமே பார்த்துக் கொடுக்க வேண்டிய சரக்கு.

விதையில் இருக்கும் இன்னொரு பொருளிலிருந்து தயோகோல்ச்சிகோசைடு என்ற தசைத் தளர்த்தி செய்கிறார்கள். கழுத்துப் பிடிப்பு, இடுப்புப் பிடிப்பு என்று போனால் எழுதிக் கொடுப்பது. அதையும் கொஞ்ச நாளைக்கு மேல் தொடரக் கூடாது என்று ஐரோப்பிய மருந்து முகமை 2013இல் வரம்பு கட்டியது. உடம்பில் அது உடைந்து வரும் பொருளொன்று குரோமோசோம்களைக் குழப்பக்கூடும் என்பதால். மறுபடியும் அதே இழைதான். பயிர் வளர்ப்பவர்கள் அந்தக் குழப்பத்தையே வேலை வாங்கினார்கள். 1937இல் ஊமத்தையை வைத்துப் பிளேக்ஸ்லீ என்ற தாவரவியலாளர் குரோமோசோம் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கிக் காட்டினார். அதன் வழியில் வந்ததுதான் விதையில்லாத் தர்பூசணி.

இதையெல்லாம் மதியம் வேப்ப மரத்தடியில் அக்காவிடம் சொல்லிப் பார்த்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப முடி கொட்டறது அதுனாலயா?" என்றார். அவருக்குத் தெரிந்த ஒருவர் அப்படிப் பிழைத்து வந்திருக்கிறார். மற்றதெல்லாம் அவருக்கு ஏற்கெனவே தெரிந்த நடைமுறைக்கு நான் கொடுத்த விளக்கம், அவ்வளவுதான்.

விதைக்கு வருவோம். தை, மாசியில் காய் பச்சை மாறி வெளிறி, தோல் சுருங்கத் தொடங்கும்போது பறிக்க வேண்டும். விட்டால் வெடித்து விதை மண்ணில் போய்விடும். காயை நிழலில் பரப்பி வைத்தால் பத்துப் பதினைந்து நாளில் தானாகப் பிளக்கும். உள்ளே மூன்று அறை, அறைக்குள் வரிசையாக ஆரஞ்சுச் சிவப்பில் உருண்டை விதைகள். அந்த நிறத்தைப் பார்க்கும் எந்தக் குழந்தைக்கும் கை நீளும். அதனால் காய் உலரும் அறைக்குப் பெரியப்பா பூட்டுப் போடுவார். விதை பிரிக்கிற நாளில் மூக்கில் துண்டு, கையில் உறை. மறுபடியும் நிழலிலேயே உலர்த்தல். சரியாக உலராத விதை மூட்டைக்குள் பூஞ்சணம் பிடிக்கும்; வியாபாரி கையை விட்டுக் கிளறிப் பார்த்ததும் விலையைக் குறைத்துவிடுவார்.

விதை எடையில் கோல்ச்சிசின் 0.7 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், ஒரு கிலோவில் ஏழு கிராம். பிரித்தெடுப்பதில் போகும் சேதாரத்தைக் கணக்கில் எடுக்காவிட்டால் அரை மில்லிகிராம் மாத்திரை பதினான்காயிரம். எக்டேருக்கு 200 முதல் 250 கிலோ விதை வரும் என்பது வேளாண் பல்கலைக்கழகத்தின் கணக்கு. இந்தத் தொகையைப் பெரியப்பாவிடம் பெருக்கிக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு வருடம் கிலோவுக்கு மூவாயிரத்துக்கு மேல் போன விதை அடுத்த வருடம் பாதிக்கும் கீழே விழுந்ததை அவர் பார்த்திருக்கிறார். வாங்குகிறவர்கள் சிலர், விற்கிறவர்கள் பலர். அரசு விலை நிர்ணயிக்க வேண்டும் என்று விவசாயிகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். விலை ஏறிய வருடத்திலும் பூத் தொடும் கூலி பெரிதாக ஏறியதில்லை என்பதை நானும் கணக்கு நோட்டில் பார்த்தேன். காய் பிடிப்பதே அந்தக் கையால் என்னும்போது இது நியாயமாகப் படவில்லை, பெரியப்பாவிடமும் சொன்னேன்.

தோட்டம் இருப்பது தெரிந்து கிழங்கு கேட்டு வருகிறவர்களும் உண்டு. தேள்கடிக்கு அரைத்துப் போட என்பார்கள், தோல் வியாதிக்கு எண்ணெய் காய்ச்ச என்பார்கள். பிரசவ வலி சீக்கிரம் வர அந்தக் காலத்தில் உள்ளங்காலில் பூசுவார்கள் என்ற பேச்சும் அடிபடும். சித்த மருத்துவத்தில் இது உள்ள மருந்துகள் இருக்கின்றன என்பது உண்மை. கிழங்கை மெல்லிசாக நறுக்கி, உப்புப் போட்ட மோரில் இரவில் ஊறவைத்துப் பகலில் உலர்த்திப் பல நாள் சுத்தி செய்த பிறகே முறைப்படி படித்த வைத்தியர்கள் அதைக் கையிலெடுப்பார்கள். சுத்தி விஷத்தைக் குறைக்கும், இல்லாமல் ஆக்கிவிடாது. ஒவ்வொரு கிழங்கிலும் எவ்வளவு இருக்கிறது என்று கண்ணால் சொல்லவும் முடியாது. ஆயுர்வேதமும் இதை நஞ்சுகளின் பட்டியலில் வைத்துத்தான் பேசுகிறது. செல்போனில் வந்த குறிப்பைக் காட்டி, மூட்டு வலிக்கு ஒரு துண்டு கேட்ட பெரியவரிடம் அக்கா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ஏனுங்க, நாங்க இத்தன வருசமா இதுலயே கெடக்கறோம், எங்களுக்கும் முட்டி வலிக்குது. நாங்க கடையிலதான் மாத்திர வாங்கறோம். நீங்களும் டாக்டரப் பாருங்."

போன ஆடியில் பெரியப்பா பாதி நிலத்தை முருங்கைக்கு மாற்றிவிட்டார். மூலனூரில் அதற்கு எப்போதும் சந்தை உண்டு, தேனீ பார்த்துக்கொள்ளும், ஆள் தேவையில்லை. மிச்சப் பாதிக்கு எங்கள் ஆட்கள் எல்லோரும் வேண்டியதில்லை. புரட்டாசிக்கு அக்கா அரவக்குறிச்சிப் பக்கம் ஒரு தோட்டத்தில் கூலி பேசி வைத்திருக்கிறார், போன வருடத்தைவிட ஐம்பது ரூபாய் கூட. என் பெயரையும் கொடுத்துவிட்டார்.